கழுத்துக்குப் பாரமில்லாத பைனாகுலர்: கொங்கு மலைகளில் நடக்கத் தொடங்குபவர்களுக்கு

பைனாகுலர் வாங்கும் எண்ணம் வந்ததும் எல்லோரும் போனை எடுத்து விலை பார்ப்பார்கள். அதற்கு முன்னால் சமையலறைக்குப் போங்கள். அரைக் கிலோ கொள்ளுப் பொட்டலத்தை ஒரு துணிப்பையில் போட்டு, பையின் காதில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மார்புக்குச் சற்றுக் கீழே தொங்கட்டும். அப்படியே சென்னிமலையோ சிவன்மலையோ மருதமலையோ, உங்களுக்கு எது பக்கமோ அதில் படி வழியாக ஏறி இறங்குங்கள். அடுத்த வாரம் அதே பையில் ஒரு கிலோவைப் போட்டு ஏறுங்கள்.

அரைக் கிலோ என்பது நடுத்தர அளவுப் பைனாகுலரின் எடை. ஒரு கிலோவை நெருங்குபவை 10×50 போன்ற பெரியவை. இரண்டாவது வாரம் இறங்கி வரும்போது பிடரி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். எந்தப் பைனாகுலர் உங்களுக்குச் சரி என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல்தான் என் முதல் பைனாகுலரை வாங்கினேன். பெரிது என்றால் நன்றாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார், நானும் 10×50 எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு நடைகளில் கழுத்தில் கிடந்தது. மூன்றாவது நடையில் முதுகுப்பைக்குள் போய்விட்டது. அன்று வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு காட்டுத் துண்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேலே, துருத்தி ஊதுவதுபோல, ‘உஸ்... உஸ்...’ என்று ஒரு சத்தம். பெரிய இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தமே அப்படித்தான் கேட்கும், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, உறையைக் கழற்றி, லென்ஸ் மூடிகளைப் பிடுங்கி நிமிர்ந்தபோது அது பள்ளத்தாக்கைத் தாண்டியிருந்தது. கூட வந்த நண்பர் சின்ன 8×32 ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்தார். மஞ்சள் அலகையும் அதன் மேலிருக்கும் கொண்டையையும் அவர் நிதானமாகப் பார்த்து முடித்திருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான்: நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் உறுத்தாமல், கையில் எடுத்த உடனே கண்ணில் பொருந்துகிறதா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெட்டி மேல் இருக்கும் எண்கள்

8×32 என்று போட்டிருந்தால், முதல் எண் எத்தனை மடங்கு என்பது. எண்பது மீட்டர் தள்ளித் தென்னை மட்டையில் உட்கார்ந்திருக்கும் வல்லூறு, பத்து மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக ஆக உள்ளே வரும் வெளிச்சம் கூடும், எடையும் கூடும்.

முன் லென்ஸ் 25 மி.மீ. போல இருப்பவை சட்டைப் பையில் போகும் சிறியவை, முந்நூறு கிராம் போல இருக்கும். 42 மி.மீ. வகை பெரும்பாலும் அறுநூறிலிருந்து எண்ணூறு கிராம் வரை. இரண்டுக்கும் நடுவில் 30, 32 மி.மீ. வகை, நானூற்றைம்பதிலிருந்து அறுநூறு கிராம். நாம் பேசுவது இதைத்தான்.

எட்டு மடங்கா பத்து மடங்கா என்று எல்லாரும் கேட்பார்கள். நடக்கிறவருக்கு எட்டு. பத்து மடங்கு என்றால் பறவையோடு சேர்த்து உங்கள் கை நடுக்கமும் பத்து மடங்காகும். ஆழியாறிலிருந்து மேலே ஏறி வந்து மூச்சு வாங்க நிற்கும்போது நெஞ்சுத் துடிப்பு கைக்கு வருவதைப் பத்து மடங்கில் பார்த்தால் புரியும்: பாறை மேல் நிற்கும் வரையாடு நடனமாடும். எட்டு மடங்கில் அந்த ஆட்டம் குறைகிறது, அதனால் கொம்பின் வளைவும் பிடரி மயிரும் உண்மையில் கூடுதலாகவே தெரிகின்றன. பார்க்கும் பரப்பும் எட்டில் அகலம். நல்ல 8×32 ஒன்றில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 130 முதல் 140 மீட்டர் அகலம் கண்ணுக்குள் வரும். 10×42 என்றால் அது 105, 115 மீட்டராகச் சுருங்கும். இலைக்குள் ஓடி விளையாடும் சின்னக் குருவியைப் பிடிக்க இந்த அகலம்தான் கைகொடுக்கும்.

மாயாறு பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் பாறு கழுகுகளையே பார்க்கப் போகிறேன், எப்போதும் உட்கார்ந்துதான் பார்ப்பேன் என்பவருக்குப் பத்து மடங்கு பொருந்தும். தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பைனாகுலரின் மேல் ‘136 மீ / 1000 மீ’ என்பதுபோல அச்சிட்டிருக்கும். ஆயிரம் மீட்டர் வரைதான் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். இது சற்று முன் சொன்ன பரப்பின் அகலம், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு எல்லை கிடையாது. நிலா தெரிகிறதே.

கண்ணுக்கு வரும் ஒளிவட்டம்

பைனாகுலரை வெளிச்சமான சுவரையோ வானத்தையோ நோக்கிப் பிடித்து, கையை நீட்டி, கண் பக்கத்து லென்ஸைத் தள்ளியிருந்து பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். அந்த வட்டத்தின் வழியாகத்தான் மொத்தப் படமும் உங்கள் கண்ணுக்குள் வருகிறது. அதன் அளவைக் கணக்கிட இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் போதும். 8×32 என்றால் 4 மி.மீ. 10×25 என்றால் 2.5 மி.மீ. 8×42 என்றால் ஐந்தேகால்.

நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அப்போது 4 மி.மீ. வட்டம் கண்மணியைவிடப் பெரிதாக இருப்பதால், கை கொஞ்சம் அசைந்தாலும் படம் அறுபடாது. சிறிய 10×25 வகையில் வட்டமும் கண்மணியும் ஏறக்குறைய ஒரே அளவு. நூல் பிடித்தாற்போல் வைத்தால்தான் படம் நிற்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் கறுப்பு அடிக்கும். சிறிய பைனாகுலர் வாங்கியவர்கள் ‘கண் வலிக்குதுங்க’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோலைக் காட்டுக்குள் நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும். விடியற்காலையிலும் பொழுதோடவும் கண்மணி அகலமாகத் திறக்கும். அந்த நேரங்களில் 8×42 கொஞ்சம் வெளிச்சமாகக் காட்டும் என்பது உண்மை. 32 மி.மீ. லென்ஸைவிட 1.7 மடங்கு ஒளியை அது வாங்குகிறது. ஆனால் நாள் முழுக்க நடப்பவருக்கு அந்த அரை மணி நேரத்துக்காக இருநூறு கிராம் கூடுதலாகச் சுமப்பது கட்டுப்படியாகாது. குளக்கரையில் உட்கார்ந்தே பார்ப்பவர் என்றால் 42 எடுங்கள், தப்பில்லை.

மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால்

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது, மூன்றாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. ஒரு தை மாதம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனேன். என் பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, ஓட்டைக்குள்ள பாக்கற மாதிரி இருக்குது” என்றாள். கூழைக்கடா ஒன்று நேர் எதிரே கருவேல மரத்தில் இருந்தது, அவளுக்கு அதன் அலகு மட்டும் தெரிந்தது.

தப்பு அவளுடையது இல்லை. கண் பக்கத்து லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி இருந்தால் முழுப் படம் தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. அட்டைப்பெட்டியில் ‘ஐ ரிலீஃப்’ என்று போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டவருடைய கண் லென்ஸை ஒட்டி வரமுடியாது, நடுவில் கண்ணாடி இருக்கிறது. அதனால் அவர்களுக்கு இந்தத் தூரம் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 16, 17 இருந்தால் இன்னும் நல்லது. நான் வைத்திருந்ததில் அது குறைவு. அதோடு கண் பக்கத்து ரப்பர் வளையத்தையும் மேலே திருகி வைத்திருந்தேன். வளையத்தைக் கீழே இறக்கியதும் பாதிப் பறவை தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன்னுடைய 8×32ஐக் கொடுத்தார். வைத்த உடனே, “ஐ, கண்ணு மஞ்சளா இருக்குது, வாய்க்கு மேல புள்ளி புள்ளியா இருக்குது மாமா!” என்று கத்தினாள். புள்ளி அலகுக் கூழைக்கடா என்று அதற்குப் பெயர் வைத்தது அதனால்தான் என்று நான் சொல்வதற்குள் அவள் அடுத்த மரத்துக்குப் போயிருந்தாள்.

ஆகவே விதி இதுதான்: கண்ணாடி போட்டுப் பார்ப்பவர் ரப்பர் வளையத்தை முழுக்க இறக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி இல்லாதவர் மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினபின் ஓரத்தில் கறுப்பு நிழல் வந்து வந்து போனால் வளையத்தை ஒரு சுற்று மாற்றிப் பாருங்கள். பெட்டியில் போட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது லென்ஸின் பரப்பிலிருந்து அளந்தது, லென்ஸ் வளையத்துக்குள் கொஞ்சம் பள்ளத்தில் இருப்பதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அதிலேயே போய்விடும். உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே பார்ப்பதுதான் முடிவு.

குழந்தைகளுக்கு வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள தூரம் அவர்களுக்குக் குறைவு. பல பைனாகுலர்கள் 56 மி.மீ.க்குக் கீழே மடங்குவதில்லை. சின்னப் பிள்ளைகள் அதில் ஒரு கண்ணால்தான் பார்ப்பார்கள், பார்த்தேன் என்று நமக்காகச் சொல்லிவிடுவார்கள்.

கடையை விட்டு வெளியே வந்து பாருங்கள்

கடைக்குள் எல்லாப் பைனாகுலரும் அழகாகத்தான் தெரியும். அனுமதி கேட்டு வாசலுக்கு வாருங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், வந்த அன்றே மொட்டை மாடிக்கு ஏறுங்கள். நம் ஊரில் சோதிப்பதற்கான பொருள்கள் தெருவிலேயே இருக்கின்றன.

மின்கம்பி ஒன்றைப் படுக்கைவாட்டில் வைத்துப் பாருங்கள். பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தூரம் முன்னே நகர்த்துங்கள். இடப்பக்கத்துக் கம்பியும் வலப்பக்கத்துக் கம்பியும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று இருந்தால் இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நம் மூளை அதை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கப் பார்க்கும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். என்ன தள்ளுபடி கொடுத்தாலும் அதை வாங்கக் கூடாது.

அடுத்து, வெளுத்த வானத்தின் முன்னால் இருக்கும் கறுப்பான ஒன்று: காக்கை, தென்னங்கீற்று, செல்போன் கோபுரம். அதன் விளிம்பில் ஊதாவோ பச்சையோ கோடு எவ்வளவு தடிமனாக ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் இருப்பது சகஜம். நடுவிலேயே இருந்தால் லென்ஸ் தரம் குறைவு. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றாலைகள் இருக்கின்றன. வெள்ளைத் தூணைப் படத்தின் நடுவில் வைத்துக் கூர்மையாக்கிவிட்டு, மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் மங்கத் தொடங்குகிறது? முக்கால் தூரம் தாண்டி மங்கினால் நல்ல பைனாகுலர். நடுவை விட்டு நகர்ந்ததுமே மங்கினால் வேண்டாம்.

கோயில் கோபுரத்தின் நிழல் பக்கத்துச் சிலைகளையும் பாருங்கள். நிழலுக்குள் கண், மூக்கு, விரல் என்று பிரிந்து தெரிகிறதா, எல்லாம் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறதா? காட்டுக்குள் நமக்குத் தேவைப்படுவது இந்த நிழலுக்குள் பார்க்கும் திறமைதான்.

கடைசியாகக் காலடிப் பக்கம் இருக்கும் எறும்பையோ பூவையோ பார்க்க முயலுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாகத் தெரிந்தால் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அதுவே போதும். மேட்டுப்பாளையம் கல்லாறு பக்கம் ஈரமண்ணில் வந்து உட்காரும் பூச்சிகளைக் குனியாமல், நிழல் விழாமல் பார்க்கலாம். 2019 இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் ஆரஞ்சு இறக்கையில் ஓடும் கறுப்புக் கோடுகளை அப்படிப் பார்த்தவர்கள் பைனாகுலர் பறவைக்கு மட்டும்தான் என்று சொல்லமாட்டார்கள்.

கையில் பிடிக்கும்போது, படத்தைக் கூர்மையாக்கத் திருகும் நடு உருளை ஆள்காட்டி விரலுக்குத் தானாக எட்டவேண்டும். விரல் தேடிப் போகவேண்டியிருந்தால் அது உங்கள் கைக்கானது இல்லை. இதை எந்த விவரப் பட்டியலும் சொல்லாது.

உள்ளே இருப்பது

பைனாகுலருக்குள் தலைகீழாக வரும் படத்தை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டிக்குப் பிரிசம் என்று பெயர். நடுத்தர அளவில் இப்போது விற்பவை பெரும்பாலும் நேர்க்குழல் வடிவம், ரூஃப் பிரிசம் என்பார்கள். தோள் அகலமாகத் தெரியும் பழைய வடிவம் போரோ பிரிசம். இத்தாலிக்காரரான இக்னாசியோ போரோ 1854 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குறைந்த விலையில் போரோ நல்ல படம் தரும், ஆனால் பருமன், மழையும் அதற்கு ஆகாது. நடைக்கு நேர்க்குழல்தான் வசதி. அதில் பிரிசத்தின் மேல் படத்தைத் தெளிவாக்கும் ‘ஃபேஸ் கோட்டிங்’ பூச்சு உண்டா, லென்ஸ் எல்லாவற்றுக்கும் பல அடுக்குப் பூச்சு உண்டா, பிரிசம் ‘பேக்-4’ (BaK-4) என்ற வகைக் கண்ணாடியா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் போதும். ‘இ.டி.’ (ED) என்ற வகைக் கண்ணாடி லென்ஸில் இருந்தால் அந்த ஊதா விளிம்பு குறையும், விலை கூடும். நிக்கான், வோர்டெக்ஸ், செலெஸ்ட்ரான், கோவா, ஜெய்ஸ் எல்லோருமே 30 அல்லது 32 மி.மீ.யில் எட்டு மடங்கு வைத்திருக்கிறார்கள். பெயரைவிட மேலே சொன்ன மின்கம்பிச் சோதனையை நம்புங்கள்.

தண்ணீர் புகாததாக, உள்ளே நைட்ரஜன் அடைத்ததாக வாங்குங்கள். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் போவதாக இருந்தால் இது கட்டாயம். நைட்ரஜன் இருந்தால் உள்பக்கம் பனி படியாது. வெளிப்பக்கம் படியும், அதற்கு ஒன்றும் செய்யமுடியாது. ஏசி போட்ட காரிலிருந்து இறங்கினதும் பைனாகுலர் மூடிக்கொள்வது அதனால்தான். ஊர் நெருங்கும்போதே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், இறங்குவதற்குள் சரியாகிவிடும்.

வாங்கக் கூடாதவை: பத்திலிருந்து முப்பது மடங்கு வரை மாறும் ஜூம் வகை, முன் லென்ஸ் சிவப்பாக மின்னும் வகை, உருளையே இல்லாத ‘ஃபோகஸ் தேவையில்லை’ வகை. மலைவாசஸ்தலங்களின் சாலையோரத்தில் 90×90 என்றெல்லாம் அச்சிட்டு விற்பவையும் சேர்த்திதான். 90 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு டம்ளரின் வாயைவிட அகலம். கையிலிருப்பதன் லென்ஸைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும்.

வாங்கி வந்த அன்றே செய்யவேண்டியது

இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை.

முதலில் இரண்டு குழல்களையும் பிடித்து விரித்து மடக்குங்கள். இரண்டு வட்டங்களும் சேர்ந்து ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். சினிமாவில் பைனாகுலர் பார்வையைப் படுத்த எட்டுபோலக் காட்டுவார்கள். சரியாக வைத்தால் தெரியவேண்டியது ஒற்றை வட்டம்தான்.

அப்புறம் முப்பது, நாற்பது மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை மூடவேண்டாம், இரண்டும் திறந்தே இருக்கட்டும். நடு உருளையைத் திருகி இடது கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்கள்.

இப்போது கையை மாற்றி இடது முன் லென்ஸை மூடுங்கள். நடு உருளையைத் தொடாதீர்கள். வலது கண் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும், டயாப்டர் வளையம் என்று பெயர். சில பைனாகுலர்களில் வேறு இடத்தில் வைத்திருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். அதைத் திருகி வலது கண்ணுக்கு அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். கையை எடுத்துப் பாருங்கள். எழுத்து பலகையிலிருந்து எழுந்து நிற்பதுபோல இருக்கவேண்டும்.

அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாலும் சரி. இனி எது பார்த்தாலும் நடு உருளை மட்டுமே போதும். வேறு யாராவது வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் அந்தப் புள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வாரை மாற்றுவதும் அன்றே நடக்கட்டும். பெட்டியோடு வரும் வார் பெரும்பாலும் மெல்லிசாக இருக்கும், வியர்வையில் கழுத்தை அறுக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் உள்ள மெத்தென்ற வார் வாங்குங்கள். தொப்புள்வரை தொங்கவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் வயிற்றில் மோதும், குனிந்தால் பாறையில் இடிக்கும். மார்பின் நடுவில், சட்டையின் இரண்டாவது மூன்றாவது பட்டனுக்கு நேராக நிற்கட்டும். அதைவிட நல்லது தோள் இரண்டிலும் மாட்டும் ஹார்னஸ். பாரம் கழுத்தை விட்டுத் தோளுக்குப் போய்விடும், ஏறும்போது ஊஞ்சலாடாது. கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறும்போது இதன் அருமை தெரியும்.

கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கம்

புதியவர்கள் பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடி எடுத்து, கண்ணில் வைத்து, பிறகு பறவையைத் தேடுவார்கள். அதற்குள் அது போயிருக்கும். மாற்றிச் செய்யுங்கள். பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காதீர்கள், தலையையும் அசைக்காதீர்கள். கை மட்டும் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவே கொண்டுவரட்டும். வைத்த உடனே பறவை வட்டத்தின் நடுவில் இருக்கும்.

இதைப் பழக மின்கம்பியில் உட்காரும் பனங்காடை போல வேறொன்று கிடைக்காது. தோட்டத்து வேலி ஓரமாக நடந்தால் கம்பிக்கு ஒன்று இருக்கும், நிதானமாக உட்காரும், நம்மைக் கண்டு சட்டென்று பறக்காது. தூக்குவதும் இறக்குவதுமாக ஒரு வாரம், நாளுக்கு இருபது தடவை செய்யுங்கள். அது பறக்கும்போது விரியும் நீலத்தை ஒருநாள் வட்டத்துக்குள்ளேயே பார்த்துவிடுவீர்கள்.

நடந்துகொண்டே பார்க்க வேண்டாம். நின்று, காலை ஊன்றி, பிறகு தூக்குங்கள். கேரளத்தை ஒட்டிய நம் அடிவாரக் காடுகள் எல்லாம் யானை நடமாடும் இடம். வட்டத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. ஒருவர் பார்த்தால் கூட வந்தவர் சுற்றிலும் கவனிக்கட்டும். வளைவு வந்தால் அரை நிமிடம் நின்று பாதையைப் பைனாகுலரால் ஒருமுறை துழாவிவிட்டு நடப்பது என் வழக்கம்.

வெள்ளியங்கிரிக்கு இதை எடுத்துப் போகவேண்டாம் என்பேன். அங்கே பலரும் இரவில்தான் ஏறுகிறார்கள், ஒரு கை மூங்கில் தடிக்கு வேண்டும். ஏழாவது மலையில் சூரிய உதயம் பார்க்கக் காத்திருக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆசைப்பட்டுப் பைனாகுலரைக் கிழக்கே திருப்பிவிடக் கூடும். ஒரு நொடி போதும், விழித்திரை வெந்துவிடும், அது திரும்ப வராது. எங்கே இருந்தாலும் சூரியனைப் பைனாகுலரால் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் சொல்லவேண்டியதும் இதுதான்.

பூசணமும் தூசியும்

துண்டு முனையாலோ சேலைத் தலைப்பாலோ லென்ஸைத் துடைக்காதீர்கள். நம் செம்மண் தூசியில் மணல் இருக்கிறது, துடைத்தால் கீறும். முதலில் ஊது குமிழால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அதற்குப் பிறகே லென்ஸ் துணி.

மழையில் நனைந்து வந்தால் உறைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள், அன்று இரவு மின்விசிறிக்குக் கீழே திறந்து கிடக்கட்டும். ஈரம் நின்றால் லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூசணம் படரும், பூச்சையும் தின்றுவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றைப் போட்டு அதில் வையுங்கள்.

முதல் நடை எங்கே

வாங்கும் முன்பே பிறருடைய பைனாகுலரில் பார்த்துவிடுவது நல்லது. பொங்கலை ஒட்டிய நாள்களில் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர்க் குளக்கரைகளில் அப்போது பலவிதப் பைனாகுலர்களோடு ஆட்கள் நிற்பார்கள். கேட்டால் ஆசையாகக் கொடுப்பார்கள், எந்த எண் எப்படித் தெரிகிறது என்று அங்கேயே ஒப்பிட்டுவிடலாம்.

கையில் வந்தபின் முதல் ஒரு மாதம் மலைக்குப் போகவேண்டாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022 இல் சேர்ந்த வெள்ளோடும், 2024 இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளமும் நல்ல பள்ளிக்கூடங்கள். பறவைகள் பெரியவை, இடம் வெட்டவெளி, கண்ணும் விரலும் பழகும். பிறகு ஆழியாறு, வால்பாறை என்று ஏறலாம். காட்டுப் பாதைகளில் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. வனத்துறை 2024 இல் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையவழி முன்பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போகலாம்.

குளத்துக்குப் போகும் நாளில் வெள்ளென எழுந்து, ஆறரை மணிக்குள் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் போய் நின்றுவிடுங்கள். ஒன்பது மணி தாண்டினால் தண்ணீரின் மேல் கானல் எழத் தொடங்கும், அதற்குமேல் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் எதிர்க்கரைப் பறவை நெளிந்துதான் தெரியும்.